இவர் அடுக்கிய கல்

இந்திரா எங்கள் குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் புளியோதரை நிரப்பிய டிபன் கரியர். வழியில் கெட்டுப்போகாது என்று சொல்லி என்னிடம் தந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

அடுத்த நாள் காலை நாங்கள் மேற்கே புறப்படுவதாக இருந்தது. ரொறன்ரோவிலிருந்து றொக்கி மலைகள் வரைக்கும் காரில். இவர் கீழே காருக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார். இந்திரா இவருக்காகத்தான் காத்து நிற்கிறாள் என்று எனக்கு விளங்கியது. தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவர் பழந்துணியில் கையைத் துடைத்தபடி மேலே வந்தார். அவளைக் கண்டதும் நடையிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, அங்க போனதும் எனக்காக ஒரே ஒரு வேலை செய்யணும்" என்றாள் இந்திரா. "நீங்க அடுக்கி வச்ச அந்தக் கல்லையெல்லாம் கலைச்சுப் போட்டுட்டு வாங்க. இன்னொருத்தர் அதை நம்பி இறங்கக் கூடாது."

"அதுக்குத்தான் போறன், இந்திரா" என்றார் இவர்.

அவள் கணவன் சேகர் அந்தக் கல்லடுக்குக்குக் கீழே விழுந்து இறந்து, அப்போது ஒரு வருடம்கூட முடியவில்லை.

போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் வெக்ஸ்போர்ட் அடுக்குமாடியின் சூடாக்கும் குழாய் செய்த அட்டகாசத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு பிள்ளை, 'அன்ரி, இப்பிடிச் சிரிக்கிற கதையாவே எழுதுங்கோ' என்று சொல்லியனுப்பினாள். என்ன செய்ய, பிள்ளை? எல்லாக் கிழமையும் சிரிக்க முடியாது. அதே வீட்டில்தான் இதுவும் நடந்தது.

தட்டை நிலத்துக்காரர்

'இவர்' என்று நான் எழுதுவது என் கணவரை. தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது தெரியும். பெயர் சொல்லக் கூச்சம் என்றில்லை. கலியாணம் கட்டிய நாளில் இருந்து வாய்க்கு வராத ஒன்றை எழுபது வயதுக்குப் பிறகு வரவழைத்து என்ன ஆகப்போகிறது?

இவர் யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தவர். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் கிணற்றுக்கட்டு. பள்ளம் என்றால் கிணறு. அதற்கு மேலே ஏறவும் இடமில்லை, கீழே இறங்கவும் இடமில்லை. ஆனால் அந்தத் தட்டை நிலத்தை வைத்துக்கொண்டு சனம் பட்ட பாடு சொல்லி முடியாது. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று அண்ணனும் தம்பியும் வழக்கு வைத்துக் கோடு ஏறுவார்கள். இவர் சங்கிலி பிடித்து அளந்து, எல்லைக் கல்லை நட்டுவிட்டு வருவார். அதற்குப் பிறகு வழக்குப் பேச்சு இல்லை. கல் நின்ற இடம்தான் நியாயம்.

இவருக்கு இதில் சரியான பெருமை. தான் நட்ட கல் ஒன்றைக்கூட எந்த நீதவானும் பிடுங்கச் சொன்னதில்லை என்று விருந்துக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். நானும் அதைக் கேட்டுக் கேட்டு, அடுத்த வசனத்தை முன்கூட்டியே எடுத்துக் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கனடாவுக்கு வந்தோம். இவருடைய படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். நகரத்து அலுவலகம் ஒன்றில் கட்டடங்களுக்குப் படம் கீறுகிற வேலை கிடைத்தது. அங்கே பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருநாள் இவரை மலையேறுகிறவர்களின் சங்கக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் திரை கட்டி, பனிமலைகளின் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்த மனிசன் கோப்பையில் போட்ட சோற்றை அளைந்துகொண்டே இருந்தார்.

பேய் கீய் பிடிச்சுதோ என்று கேட்டேன். உண்மையாகவே பிடித்துத்தான் இருந்தது.

கீழே தபால் பெட்டியைப் பார்த்து வருவதற்குக்கூட இரண்டு சுவெற்றர் போடுகிற ஆள், அதன் பிறகு சனி ஞாயிறுகளில் நகரத்துக்கு வெளியே உள்ள பாறைகளில் கயிறு கட்டித் தொங்கத் தொடங்கினார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

ரோஸ் நிற வேட்டி

சேகரை நான் முதலில் கண்டது எங்கள் கட்டடத்து லோண்டிறி அறையில். சிவப்புச் சுவெற்றரோடு சேர்த்துத் தோய்த்ததால் ரோஸ் நிறமாகிப்போன வேட்டி ஒன்றை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி, துக்கம் விசாரிக்கப் போனவன் மாதிரி நின்றான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் கம்பியூட்டர் பிரிவில் வேலை. அந்த நாளில் எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குரல் கேட்பது பெரிய விசயம். மேலே கூட்டி வந்து சோறு போட்டேன்.

அதோடு அவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். இவரை 'சார்' என்பான். இவர் பாறைக்குப் போனால் அவனும் பாறைக்கு. இவர் கூட்டத்துக்குப் போனால் அவனும் கூட்டத்துக்கு. ஊருக்குப் போய் இந்திராவைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை.

பனி கொட்டுகிற மாரிகாலப் பின்னேரங்களில் இரண்டு பேரும் எங்கள் முன்னறைக் கம்பளத்தில் மலைப்படங்களைப் பரப்பிவைத்து, குப்புறக் கிடந்து பார்ப்பார்கள். நானும் இந்திராவும் குசினிக்குள் இருந்து அவர்களைப் பகிடி பண்ணுவோம். கருவேப்பிலை கிடைக்காத ஊரில் சாம்பார் வைக்கிற விதத்தை அவள் எனக்கும், இறைச்சிக் கறியை நான் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தோம். அவள் சைவம், சமைக்கக் கற்றுக்கொண்டது அவனுக்காக.

இறங்குகிற இடம்

பனியாறு என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. உறைந்துபோன ஆறு இல்லை அது. மலை உச்சியில் காலங்காலமாக விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தாலேயே மெல்ல மெல்லக் கீழே வழுகி வருகிறது. நகர்வது கண்ணுக்குத் தெரியாது. வருகிற வழியில் கல்லையும் மண்ணையும் இரண்டு கரைக்கும் ஒதுக்கிவிடும். அப்படி ஒதுங்கியது மைல்கணக்கில் ஒரு வரம்பு மாதிரி நீண்டு கிடக்கும். அதற்கு இங்கிலீசில் தனிப்பெயர் உண்டு. நான் வரம்பு என்றுதான் சொல்வேன்.

மேலே உள்ள சிகரங்களுக்குப் போகிறவர்கள் அந்த வரம்பின் முதுகில் நடந்து போய், ஏதோ ஓர் இடத்தில் இறங்கிப் பனியில் கால் வைப்பார்கள். அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வித்தை. ஏனென்றால் அது வருடத்துக்கு வருடம் மாறும்.

இவரும் சேகரும் சங்கத்து ஆட்களோடு போன முதல் கோடையில் பனி வரம்புக்குக் கொஞ்சம் கீழே இருந்ததாம். வரம்பில் இருந்து வயலுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு எட்டு வைத்தால் போதும். அடுத்த கோடையில் போனால் பனி கரைந்து தாழ்ந்துவிட்டது. எட்டு வைத்த இடத்தில் செங்குத்தான கற்சரிவு. கால் வைத்தால் கல் உருளும். மேலே இருந்து உருண்டு வந்த கல்லொன்று இவருடைய தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தத் தொப்பியை எடுத்து நான் குப்பைக்குள் போட்டேன். அதற்கு இரண்டு நாள் கோபம்.

மூன்றாவது கோடையில் பழைய இடத்தால் இறங்கவே முடியவில்லை. இவர் வரம்பின் மேலே வெகுதூரம் நடந்து, சரிவில் மழைநீர் அறுத்த வாய்க்கால் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் கல் இறுக்கமாக இருந்ததாம். அதன் வழியே இறங்கினால் நேரே பனி. எல்லாரும் அதால் இறங்கி, அதால் ஏறி, சுகமாக வந்து சேர்ந்தார்கள்.

வழி கண்டுபிடிக்கிறவன் அந்த இடத்தில் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்க வேண்டும் என்பது மலையேறுகிறவர்களின் வழக்கம். பின்னால் வருகிறவர்களுக்கு அது அடையாளம். அந்த வழியால் சுகமாகப் போய் வருகிற ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைப்பார்கள். முன்னே போனவனுக்கு நன்றி, பின்னே வருகிறவனுக்கு உதவி. நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை.

இவர் இடுப்பளவுக்கு அடுக்கிவிட்டு வந்தார். ஆளைப் பிடிக்க முடியவில்லை. கனடாவில் தான் நட்ட முதல் எல்லைக் கல் என்றார். 'என்ர கல்லு', 'என்ர கல்லு' என்று அந்த மாரிகாலம் முழுவதும் அதே கதை. சேகரும் அவருக்கு ஒத்து ஊதினான்.

நாலாவது கோடை

நான் கூடப் போகவில்லை. இவர் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

மலையடிவாரத்துத் தேசியப் பூங்கா அலுவலகத்தில் இருந்த பெண் இவர்களை மறித்துச் சொல்லியிருக்கிறாள். இந்த வருடம் பனியின் ஓரம் கற்சரிவை விட்டு விலகிவிட்டது, நடுவில் வெடிப்பு, அதன்மேல் பனித்தூள் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஓடைக்கு அந்தப்பக்கம் பாறை வழியாகப் புதுப்பாதை போட்டிருக்கிறோம், சுற்றுத்தான், ஆனாலும் அதால் போங்கள். சங்கத்து வெள்ளைக்காரர்கள் இவருடைய முகத்தைப் பார்த்தார்கள். அந்த முறை இவர்தான் தலைவர்.

"என்ர கல்லு அங்க நிக்குது. எனக்குத் தெரியாத இடமே?" என்று சேகரிடம் தமிழில் சொன்னாராம்.

கல் நின்றதுதான். ஒரு அங்குலம்கூட அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் கல் நின்றால் நிலமும் நிற்கும். இங்கே கல்லுக்குக் கீழே இருந்த பனி போய்விட்டது. ஆயுள் முழுவதும் நிலம் அளந்த மனிசனுக்கு அது புத்தியில் ஏறவில்லை.

வரம்பில் நடந்து அந்த இடத்துக்கு வந்தார்கள். முன்னால் போயிருக்க வேண்டியவர் இவர். ஆனால் மாரிகாலக் காற்றில் கல்லடுக்கின் தலைக்கல் சரிந்து கிடந்தது. அதைச் சரியாக எடுத்து வைக்க இவர் குனிந்தார். நீ இறங்கு, வாறன் என்று சேகரிடம் சொன்னார். அப்படியான சரிவில் கயிறு கட்டமாட்டார்களாம். கயிறு தட்டி மேலே உள்ள கல் உருளும். சேகர் கயிறில்லாமல் இறங்கினான்.

வாய்க்கால் முழுவதும் நல்லாகத்தான் இறங்கினானாம். அடியில் போய், திரும்பி, கையை ஆட்டினானாம். பிறகு பனியில் கால் வைத்தான். பனி உடைந்து உள்ளே போய்விட்டான்.

கயிறு இறக்கினார்கள். கூப்பிட்டார்கள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் வந்ததாம். மீட்புக்காரர் வந்து அவனை எடுத்தபோது பின்னேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு

அப்போது ரொறன்ரோவில் செத்த வீட்டுக்குக் கூடுகிற தமிழர் ஒரு கைக்குள் அடங்குவார்கள். ஐயரும் இல்லை. பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஒருவர் தனக்குத் தெரிந்த மந்திரத்தைச் சொன்னார். கோட்டுப் போட்ட ஆண்கள் வாசலில் நின்று, யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அவர்களைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல இருந்தது. யானைக்குச் சறுக்கவில்லை. யானை மேலே நின்று கல்லைச் சரிபார்த்தது. கன்றுதான் போய்ச் சேர்ந்தது.

இதை நான் இவருக்கும் முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

ஒன்றுக்கு மட்டும் இவரை மெச்ச வேண்டும். எதையும் மறைக்கவில்லை. எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்று, அலுவலகப் பெண் தடுத்ததையும், தான் குனிந்து நின்றதையும், 'நீ இறங்கு' என்று சொன்னதையும் இந்திராவுக்கு முன்னால் இருந்து ஒன்றும் விடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, அழவில்லை. முடிந்ததும் எழும்பிப் போய், இவர் குடிக்காமல் வைத்திருந்த தேத்தண்ணியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

ஊருக்குத் திரும்பி வரச்சொல்லி அவளுடைய வீட்டார் கேட்டார்கள். அவள் போகவில்லை. புடவைக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வருவாள். கம்பளத்தில் கால் படாமல் ஓரத்தால் நடந்து குசினிக்குள் வருவாள்.

மாரி வந்தது. இவருக்கு வேறு ஒரு வியாதி பிடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டு, "அந்தக் கல்லு இன்னும் நிக்குது" என்பார். லிப்டுக்குள், காருக்குள், கடை வரிசையில். வாற கோடையில் ஆரும் அதைப் பார்த்து இறங்கினால்? நம்பி இறங்குவாங்களே. பூங்கா அலுவலகத்துக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டார். கல்லடுக்குகளை வைப்பதும் எடுப்பதும் தங்கள் வேலை இல்லை, அது மலையேறுகிறவர்கள் பாடு என்றார்களாம்.

சங்கத்தை விட்டுவிட்டார். சப்பாத்து, கயிறு எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆனாலும் நித்திரை இல்லை. தன்னுடைய கல்லைத் தன் கையாலேயே கலைத்தால்தான் ஆறும் என்றார். போவோம் என்று நானே சொன்னேன். தனியே விட எனக்குப் பயமாக இருந்தது.

மேற்கே

நாள்கணக்கில் ஓடினோம். ஒரு முழு நாள் ஏரிக்கரையால். பிறகு மரம் செடி இல்லாத கோதுமை வெளி. இவர் பேசவில்லை. நானும் எத்தனை ஊர்ப்பெயரைத்தான் வாசித்துக்காட்டுவது? இந்திராவின் புளியோதரையை வழிநெடுகச் சாப்பிட்டோம். அது கடைசிவரைக்கும் கெடவில்லை.

மலைகளைக் கண்டபோது அழகென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தின்ற இடம் அது. அவ்வளவுதான்.

பூங்கா அலுவலகத்தில் நிற்காமல் போகலாம் என்றார் இவர். அந்தப் பெண்ணுக்கு முகம் கொடுக்க முடியாது என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

வரம்புக்கு ஏறுகிற பாதை மோசமில்லை. கன்வஸ் சப்பாத்தோடு நானே ஏறினேன். காற்றில் நனைந்த சீமெந்து மணம். வலது பக்கம் குனிந்து பார்த்தால் எங்கோ ஆழத்தில் அழுக்குப் படிந்த பனி கிடந்தது. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாம்பல் நிறம்.

இவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று நின்றார்.

கல்லடுக்கு தெரிந்தது. இடுப்பளவு என்று சொன்னது இப்போது என் நெஞ்சளவுக்கு நின்றது.

"கூடியிருக்குது" என்றார் இவர்.

அவருடைய குரலில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கல் கூடியிருக்கிறது என்றால் ஆட்கள் இதால் இறங்கியிருக்கிறார்கள். இறங்கியவர்கள் எல்லாரும் ஏறினார்களோ?

விறுவிறென்று போய் அடுக்கின் தலைக்கல்லில் இரண்டு கையையும் வைத்தார். அந்த நேரம் வாய்க்காலுக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு பெடியனும் பெட்டையும் ஏறி வந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். கன்னம் சிவந்து, தோளில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, நல்ல களைப்பும் நல்ல சந்தோசமும். எங்களைக் கண்டதும் வணக்கம் சொல்லி, உலர்ந்த பழம் நீட்டினார்கள். நான் வாங்கினேன். இவர் தலைக்கல்லில் இருந்து கையை எடுக்கவில்லை.

கீழே எப்படி இருக்கிறது என்று இவர் கேட்டார்.

இந்த வருடம் இதைவிட நல்ல வழி இல்லை என்றாள் அந்தப் பெட்டை. மாரியில் பெரிய சரிவொன்று விழுந்து ஓரத்து வெடிப்பு முழுவதையும் கல்லாலும் பனியாலும் நிரப்பிவிட்டதாம். இறுகிப்போய்க் கிடக்கிறதாம். ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த புதுப்பாதையை வசந்தகால வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது பூங்கா அலுவலகத்திலேயே, 'வரம்பில் பெரிய கல்லடுக்கு ஒன்று நிற்கும், அதைப் பார்த்து இறங்குங்கள்' என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். யார் அடுக்கினார்களோ, புண்ணியவான் என்ற மாதிரி ஏதோ சொன்னாள்.

பிறகு அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்து அடுக்கில் வைத்தாள். பெடியனும் வைத்தான். அவள் இன்னொரு கல்லைத் தேடி எடுத்து, மரியாதையாக, இரண்டு கையாலும் இவருக்கு நீட்டினாள்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டியது அவருக்குத் தெரிந்தது.

கல்லை வாங்கினார். அடுக்கின் உச்சியில் வைத்தார்.

அந்தப் பிள்ளைகள் கையசைத்துவிட்டு, நாங்கள் வந்த பாதையால் கீழே இறங்கிப் போனார்கள்.

சண்டை

அவர்கள் தலை மறையும் வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இந்திரா சோறு கட்டித் தந்து அனுப்பினது இதுக்கோ என்று கேட்டேன்.

"ஏன் வைச்சனீங்கள்?"

"வைக்காட்டி ஏன் எண்டு கேட்டிருப்பாங்கள்" என்றார் இவர். "நான் சொல்ல வேண்டி வந்திருக்கும்."

அப்படியென்றால் இப்போதாவது கலையுங்கோ, ஆரும் இல்லை, நானும் கை தாறன் என்றேன். இவர் அசையவில்லை. இப்போது கலைத்தால், இதைத் தேடிக்கொண்டு வருகிறவன் வேறு எங்காவது இறங்கிச் சாவான் என்றார். சரி, விட்டால்? விட்டால் வருகிற வருடம் அந்த இடம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். கலைத்தாலும் பிழை, விட்டாலும் பிழை. இவர் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார்.

நான் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். சேகர் விழுந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இவர் எழும்பி வந்து விரலை நீட்டினார். வெடிப்பு இல்லை. ஓட்டை இல்லை. சாம்பல் நிறக் கல்லும் ஊத்தைப் பனியும் சமமாகக் கிடந்தன. அதன் மேலால் சப்பாத்து அடையாளங்கள், போகவும் வரவும், ஒரு ஒற்றையடிப் பாதை மாதிரி. எங்கள் பிள்ளை செத்த இடத்தில் அதைச் சொல்ல ஒரு குழிகூட மிஞ்சவில்லை. அப்போதுதான் நான் அழுதேன். அந்த ஒரு வருடத்தில் நான் சரியாக அழவில்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது. இவர் பக்கத்தில் நின்றார். தொடவில்லை. தொட்டிருந்தால் தள்ளியிருப்பேன்.

கல்லை விட்டுவிட்டு இறங்கி வந்தோம்.

திரும்பி வருகிற வழியில், கோதுமை வெளிக்குள் வைத்து, நான்தான் கதையைத் தொடங்கினேன். இந்திராவுக்குக் கலைத்தாயிற்று என்றே சொல்லிவிடுவோம் என்றேன். அவள் அங்கே போய்ப் பார்க்கப் போவதில்லை. ஒரு வருடமாக அவள் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். அதைக் கேட்டால் அவளுக்கு ஓரிரவாவது நித்திரை வரும். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வீடு வரும்வரைக்கும் எந்த வார்த்தையில் சொல்வது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஸ்காபரோப் பக்கம் திரும்பும்போது நல்ல வெயில். சனிக்கிழமை. பிள்ளைகள் எங்கள் கட்டடத்து முற்றத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில்

இந்திரா எங்கள் கதவடியிலேயே நின்றாள். கார் வந்ததை யன்னலால் கண்டிருக்கிறாள். பைகளைக் கீழே வைக்க முன்னமே கேட்டாள்.

"கலைச்சுட்டீங்களா அண்ணா?"

நான் வாயைத் திறந்தேன். இவர் என்னை முந்திவிட்டார்.

இல்லை என்றார். நடையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கல் கூடியிருந்ததை, அந்தப் பிள்ளைகள் ஏறி வந்ததை, அலுவலகத்திலேயே அந்த வழியைக் காட்டி அனுப்புவதை. தன் கையால் ஒரு கல்லை மேலே வைத்ததையும் சொன்னார். அதை மட்டுமாவது விட்டிருக்கலாம் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் அதையும் விடவில்லை.

இந்திரா கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவள் சுவரோடு சாய்ந்து நின்று யோசித்தாள்.

"இப்ப அந்த இடம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"மூடியிட்டுது. ரோட்டு மாதிரிக் கிடக்குது."

"எல்லாரும் நடந்து போறாங்களா?"

"ஓம். போகினம், வருகினம்."

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரியாத ஒன்றை ஒரு பெரியவரிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அப்போ அவரும் நீங்களும் ஒரு வருஷம் பொறுத்துப் போயிருக்கலாமே, அண்ணா?"

இவர் பையைக் கையில் பிடித்தபடியே நின்றார். "ஓம்" என்றார்.